உஷார்! டிவிக்குப் பின்னால் செருகியிருக்கும் அந்தக் குட்டி டாங்கிள்

ஹாலில் டிவியோடு ஒரு கணினியை இணைத்து, சேர்த்துவைத்த படங்களையும் பாட்டுகளையும் பிள்ளைகளின் பிறந்தநாள் வீடியோக்களையும் உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்க்க ஏற்பாடு செய்துகொண்டிருக்கிறீர்களா? கணினி தயார், கோடி அல்லது ஜெல்லிஃபின் மென்பொருளும் ஏற்றியாயிற்று, இனி ஒரு ரிமோட் வாங்கினால் வேலை முடிந்தது என்று நினைக்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். பலர் சறுக்கும் இடம் இதுதான்.

கடையிலும் ஆன்லைனிலும் நம் கண்ணில் படுவது ரிமோட். எத்தனை பட்டன், கைக்கு அடக்கமாக இருக்கிறதா, பின்பக்கம் கீபோர்டு உண்டா, இருட்டில் ஒளிருமா என்று பார்த்துப் பார்த்து எடுக்கிறோம். அதே பெட்டியில் ஒரு மூலையில் கிடக்கும் நகம் அளவு டாங்கிளை, அதாவது கணினியில் செருகும் ரிசீவரை, யாரும் கவனிப்பதில்லை. ஆபத்து முக்கால்வாசி அதில்தான் இருக்கிறது. ரிமோட்டை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். ரிசீவரோ வருஷக்கணக்கில் இரவும் பகலும் கணினியோடு ஒட்டிக்கொண்டே இருக்கப் போகிறது.

அதைச் செருகியவுடன் கணினி அதை என்னவாக எடுத்துக்கொள்கிறது தெரியுமா? கீபோர்டாக. "டிரைவர் தேவையில்லை, செருகினால் போதும்" என்று பெட்டியில் போட்டிருப்பதற்குப் பின்னால் இருப்பது அதுதான். விண்டோஸோ லினக்ஸோ, யூஎஸ்பி கீபோர்டு ஒன்று வந்தால் ஒரு கேள்வியும் கேட்காமல் சேர்த்துக்கொள்ளும். அதிலிருந்து வரும் ஒவ்வொரு எழுத்தையும் நீங்களே உட்கார்ந்து அடித்ததாக நம்பும். 2014-இல் கார்ஸ்டன் நோல், யாக்கோப் லெல் என்ற இரண்டு ஆய்வாளர்கள் பிளாக் ஹாட் என்ற கணினிப் பாதுகாப்பு மாநாட்டில் 'பேட்யூஎஸ்பி' என்ற பெயரில் இந்த நம்பிக்கையைத்தான் உடைத்துக் காட்டினார்கள். சாதாரண பென் டிரைவின் உள்நிரலை மாற்றி, அதைக் கீபோர்டாக வேஷம் போட வைத்தால், அது தானாகவே கட்டளைகளை அடித்துத் தள்ளும் என்று நிரூபித்தார்கள்.

அங்கே செருகிய பொருளே வஞ்சகம் செய்தது. ரிமோட் ரிசீவர் விஷயத்தில் அதற்குக்கூட அவசியமில்லை. டாங்கிள் யோக்கியமானதாகவே இருக்கட்டும். காற்றில் வரும் சமிக்ஞையைக் கேட்டு, அதைக் கீ அழுத்தமாக மாற்றிக் கணினியிடம் கொடுப்பது அதன் வேலை. அந்தச் சமிக்ஞையை அனுப்பியது உங்கள் ரிமோட்தானா, வேறு யாராவதா என்று அது பார்க்கிறதா? நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான். விற்பவர்கள் யாரும் இதற்குப் பதில் சொல்வதில்லை.

பதில் எவ்வளவு மோசமாக இருக்க முடியும் என்பது 2016 பிப்ரவரியில் வெளிப்பட்டது. அமெரிக்காவின் பாஸ்டில் என்ற பாதுகாப்பு நிறுவனத்தில் இருந்த மார்க் நியூலின் என்ற ஆய்வாளர், 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோவில் இயங்கும் வயர்லெஸ் மவுஸ், கீபோர்டு டாங்கிள்களைப் பிரித்து ஆராய்ந்தார். கீபோர்டிலிருந்து டாங்கிளுக்குப் போகும் எழுத்துகளை நல்ல கம்பெனிகள் சங்கேதமாக்கி அனுப்புகின்றன. மவுஸ் அசைவை அப்படிச் செய்வதில்லை, அதில் என்ன ரகசியம் இருக்கிறது என்ற நினைப்பு. ஓட்டை அங்கேதான் இருந்தது. சங்கேதமே இல்லாமல், மவுஸ் பேசுகிற மாதிரி யாரோ ஒருவர் கீபோர்டு எழுத்தை அனுப்பினாலும் பல டாங்கிள்கள் அதை வாங்கிக் கணினியிடம் கொடுத்துவிட்டன. 'மவுஸ்ஜாக்' என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். லாஜிடெக், மைக்ரோசாஃப்ட், டெல், ஹெச்பி, லெனோவோ, கிகாபைட், அமேசான் என்று 7 கம்பெனிகளின் பொருள்கள் மாட்டின. சில ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் ஒரு ரேடியோ டாங்கிளும் கொஞ்சம் நிரலும் இருந்தால் 100 மீட்டர் தூரத்திலிருந்துகூட இதைச் செய்யலாம் என்று காட்டினார்கள்.

100 மீட்டர்! அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறீர்கள் என்றால் மேல்மாடி, கீழ்மாடி, எதிர் பிளாக், கீழே நிற்கும் கார் எல்லாம் அதற்குள் அடக்கம். இடையில் எத்தனை சுவர் இருக்கிறது என்பதைப் பொறுத்துத் தூரம் குறையும், உண்மைதான். ஆனால் உங்கள் வீட்டு வைஃபை பக்கத்து வீட்டு போனில் தெரிகிறதல்லவா? அதே அலைவரிசைதான் இதுவும்.

"வந்து என்ன செய்துவிடுவான், வால்யூமைக் கூட்டுவானா?" என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அப்படி எண்ணாதீர்கள். ரிமோட்டில் பத்துப் பன்னிரண்டு பட்டன்தான் இருக்கலாம். டாங்கிள் முழுக் கீபோர்டு. விண்டோஸ் கீயையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தியதாக ஒரு சமிக்ஞை, பிறகு ஒரே ஒரு வரிக் கட்டளை, பிறகு என்டர். இணையத்திலிருந்து எதையோ இறக்கி ஓட்ட இவ்வளவு போதும். மனித விரலால் முடியாத வேகத்தில் அது அடிக்கப்படும், நீங்கள் டிவி முன்னால் இருந்தாலும் ஏதோ மின்னி மறைந்தது போலத்தான் தெரியும்.

அதிலும் மீடியா சென்டர் கணினி மாதிரி வசதியான இலக்கு வேறு இல்லை என்பேன். மேசைக் கணினியில் பூட்டுத்திரை உண்டு, கடவுச்சொல் உண்டு. இதில் யாரும் அதெல்லாம் வைப்பதில்லை. பாட்டியும் பட்டனை அழுத்திச் சீரியல் பார்க்க வேண்டுமே, அதனால் ஆன் செய்தால் நேரே முகப்புக்கு வந்துவிடும்படி அமைக்கிறோம். கூகுள் கணக்கு, ஓடிடி கணக்குகள் எல்லாம் அதில் திறந்தே கிடக்கின்றன. வீட்டுப் புகைப்படங்கள் முழுக்க இருக்கும் ஹார்ட் டிஸ்க்கும் அதோடுதான். பேங்க் வேலை பார்க்கிற போனும் அதே வைஃபையில். எல்லாவற்றுக்கும் மேலே, டிவியை அணைத்துவிட்டு நாம் தூங்கப் போய்விடுகிறோம், கணினி விழித்தே இருக்கிறது. அந்த நேரத்தில் அதன் திரையில் என்ன ஓடினாலும் பார்க்க வீட்டில் ஒருவர் கிடையாது.

பெரிய கம்பெனிகள் அப்போது ஓட்டையை அடைக்கத் திருத்தம் வெளியிட்டன. ஆனால் பாதிக்கப்பட்ட டாங்கிள்களில் பலவற்றின் சில்லில் ஒருமுறை எழுதிய நிரலைத் திருத்தவே முடியாது. கழற்றி எறிவது ஒன்றுதான் வழி. பெயர் உள்ள கம்பெனிக்கே இந்தக் கதி என்றால், கம்பெனி பெயரே இல்லாமல், ஒரே அச்சில் வார்த்து ஐந்தாறு பெயர்களில் விற்கப்படும், கையை அசைத்தால் திரையில் அம்பு நகரும் 'ஏர் மவுஸ்' ரிமோட்டுக்கு யார் திருத்தம் தருவார்கள்? அதன் பெட்டியில் சங்கேதம் பற்றி ஒரு வரி இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் இல்லை என்றே வைத்துக்கொள்ள வேண்டும்.

இது உள்ளே நுழைகிற ஆபத்து. வெளியே கசிகிற ஆபத்தும் உண்டு. அதே 2016 ஜூலையில் அதே நிறுவனம் 'கீஸ்னிஃபர்' என்று இன்னொன்றை வெளியிட்டது. 8 கம்பெனிகளின் மலிவு வயர்லெஸ் கீபோர்டுகள் எந்தச் சங்கேதமும் இல்லாமல், அடித்த எழுத்தை அப்படியே காற்றில் விட்டுக்கொண்டிருந்தன. 250 அடி தூரத்தில் இருப்பவர் ஒவ்வொரு எழுத்தையும் படிக்கலாம். ரிமோட்டின் பின்பக்கம் இருக்கும் குட்டிக் கீபோர்டில் நாம் எதை அடிக்கிறோம்? ஓடிடி கடவுச்சொல், வைஃபை கடவுச்சொல், மெயில் கடவுச்சொல். படத்தின் பெயரைத் தேட அடிப்பதைவிட இவற்றைத்தான் முதலில் அடிக்கிறோம். மைக் வைத்த ரிமோட்டாக இருந்தால், பட்டனை அழுத்திப் பேசும் குரலும் அதே டாங்கிள் வழியாகத்தான் போகிறது.

சரி, புளூடூத் ரிமோட் வாங்கிவிடலாமா? 2.4 கிகாஹெர்ட்ஸ் பெயரில்லா டாங்கிளைவிட அது மேல், ஏனென்றால் அதற்கென்று ஒரு பொது விதிமுறை இருக்கிறது, ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால் இயங்குதளத்தைப் புதுப்பித்தே அடைத்துவிடலாம். ஆனால் அடைத்தால்தான். 2023 டிசம்பரில் இதே மார்க் நியூலின், ஆண்ட்ராய்டு, லினக்ஸ், ஐபோன், மேக் எல்லாவற்றிலும் ஒரு புளூடூத் குறையை வெளியிட்டார். உரிமையாளரின் சம்மதமே இல்லாமல் கீபோர்டாக ஒட்டிக்கொண்டு எழுத்தை அடிக்க முடியும் என்ற குறை. ஆண்ட்ராய்டு 11 முதல் 14 வரை திருத்தம் வந்தது. 10-க்கும் அதற்கு முந்தியவற்றுக்கும் வரவில்லை. ஆண்ட்ராய்டு டிவி பாக்ஸ் ஒன்று வாங்கி வருஷக்கணக்கில் ஒரு அப்டேட்டும் காணாமல் ஓட்டிக்கொண்டிருக்கிறீர்கள் என்றால், செட்டிங்ஸில் போய் எந்த எண் என்று இன்றைக்கே பாருங்கள்.

இன்னொரு சங்கடமும் புளூடூத்தில் உண்டு. முழுக்க அணைந்திருக்கும் கணினியை அதனால் பெரும்பாலும் எழுப்ப முடியாது, இயங்குதளம் ஏறிய பிறகுதான் வேலை செய்யும்.

ஆகவே நான் அடித்துச் சொல்வது இதுதான்: மீடியா சென்டருக்கு ரிசீவர் வாங்குகிறீர்களா, அகச்சிவப்பு ரிசீவர் வாங்குங்கள். பழைய டிவி ரிமோட்டின் முனையில் ஒரு குட்டி பல்பு இருக்குமே, அந்தத் தொழில்நுட்பம். பழசு என்று ஒதுக்காதீர்கள். அது ஒளி. பெரும்பாலும் 940 நானோமீட்டர் அலைநீளம், கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான் வித்தியாசம். ஒளி என்பதால் சுவரைத் தாண்டாது. உங்கள் ஹாலில் அழுத்தியது உங்கள் ஹாலோடு நின்றுவிடும். எதிர்வீட்டிலிருந்து ஜன்னல் வழியாகக் குறிபார்த்து அடித்தால்? முடியாது என்று சொல்ல மாட்டேன். ஆனால் தடித்த திரைச்சீலை ஒன்று போதும் அதைத் தடுக்க.

அதைவிட முக்கியமான காரணம் ஒன்று இருக்கிறது. ஃபிளிர்க் போன்ற, கற்றுக்கொள்ளும் வகை அகச்சிவப்பு ரிசீவர்கள் கிடைக்கின்றன. வீட்டில் கிடக்கும் எந்த ரிமோட்டையாவது அதன் முன் நீட்டி, இந்தப் பட்டன் மேல் அம்பு, இது ஓகே, இது பின்னால் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும். அந்தப் பாடம் ரிசீவருக்குள்ளேயே பதிந்துவிடும், கணினியை மாற்றினாலும் மறக்காது. இதுவும் கணினிக்குக் கீபோர்டுதான். ஆனால் அதில் முன்பே ஏற்றிய பட்டன் தொகுப்பு இருந்தால் அதை அணைத்துவிடுங்கள், பிறகு நீங்கள் சொல்லிக்கொடுத்த பத்துப் பதினைந்து கீயைத் தவிர வேறு எதையும் அது அடிக்காது. விண்டோஸ் கீயையோ எழுத்துகளையோ சொல்லிக்கொடுக்காவிட்டால், வெளியாள் என்னதான் ஒளியைப் பாய்ச்சினாலும் அதிகபட்சம் படத்தை நிறுத்துவான், அடுத்த பாட்டுக்குப் போவான். முழுக் கீபோர்டைத் திறந்து வைப்பதற்கும் இதற்கும் உள்ள தூரத்தை யோசித்துப் பாருங்கள். அதனால், கற்றுக்கொடுக்கும்போது தேவைக்கு மேல் ஒரு கீயைக்கூடக் கொடுக்காதீர்கள்.

எந்த ரிமோட்டைக் கற்றுக்கொடுப்பது என்பதிலும் கவனம் வேண்டும். ஹாலில் இப்போது பயன்படும் டிவி, செட்டாப் பாக்ஸ், ஏசி ரிமோட்டைக் கொடுத்தால் ஒரு பட்டனுக்கு இரண்டு பெட்டியும் சேர்ந்து ஆடும். மாற்றிவிட்ட பழைய டிடிஹெச் பெட்டியின் ரிமோட் பரணில் கிடந்தால் அதுதான் பொருத்தம். அது உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க, பட்டனை அழுத்திக்கொண்டே முனையை செல்போனின் முன்பக்க கேமராவில் காட்டுங்கள். பெரும்பாலான போன்களில் வெளிர் ஊதாவாக ஒரு மினுக்கு தெரியும்.

அகச்சிவப்புக்கும் குறை உண்டு. ரிசீவருக்கு நேராக நீட்ட வேண்டும். கணினியின் பின்பக்கத்தில் செருகிவிட்டு ரிமோட்டைத் திட்டக் கூடாது, யூஎஸ்பி நீட்டிப்பு வயர் ஒன்று வாங்கி டிவிக்குக் கீழே கண்ணுக்குத் தெரியும்படி வையுங்கள். மேலே நேர் வெயில் படக் கூடாது. எலக்ட்ரானிக் சோக் போட்ட சில டியூப் லைட்டும் சிஎஃப்எல் பல்பும் ரிமோட் பேசும் வேகத்துக்குப் பக்கத்திலேயே மினுக்கி ரிசீவரைக் குழப்பும். பகலில் வேலை செய்து இரவில் விளக்குப் போட்டதும் தடுமாறுகிறதென்றால் அதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

வாங்குவதற்கு முன் இதையும் பார்த்துவிடுங்கள், ஒரு பைசா செலவில்லாமல் முடிந்துவிடலாம். ஹெச்டிஎம்ஐ கேபிளில் 13-ஆவது பின் சிஇசி என்ற கட்டளைத் தொடர்புக்கானது. டிவியின் சொந்த ரிமோட்டில் அழுத்துவதை டிவியே அந்தப் பின் வழியாகப் பெட்டிக்குச் சொல்லும். கம்பெனிக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள்: சாம்சங்கில் எனிநெட் பிளஸ், சோனியில் பிராவியா சிங்க், எல்ஜியில் சிம்ப்லிங்க். செட்டிங்ஸில் அதை ஆன் செய்ய வேண்டும். ராஸ்பெரி பை என்ற குட்டிக் கணினியில் இந்த வசதி இருக்கிறது. கோடிக்கென்றே செய்த லிப்ரெஎலெக் இயங்குதளத்தை அதில் ஏற்றினால் பெரும்பாலும் வேறெதுவும் செய்யாமலே டிவி ரிமோட்டுக்குக் கட்டுப்படும், ரிசீவரே வேண்டாம். இரண்டு ஹெச்டிஎம்ஐ உள்ள பையில் பவர் சாக்கெட்டை ஒட்டிய போர்ட்டில் செருகுங்கள். ஆனால் சாதாரணக் கணினியின் கிராஃபிக்ஸ் கார்டுகளில் அந்த 13-ஆவது பின்னுக்குப் பின்னால் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. "ஹெச்டிஎம்ஐதான் இருக்கிறதே, டிவி ரிமோட் வேலை செய்யும்" என்று கடைக்காரர் சொன்னால் நம்ப வேண்டாம். பல்ஸ்-எய்ட் என்ற கம்பெனியின் யூஎஸ்பி இணைப்பான் இந்தக் குறைக்காகவே இருக்கிறது, தனியாகத்தான் வாங்க வேண்டும். இன்டெல் நக் வகைக் குட்டிக் கணினி வைத்திருப்பவர்கள் முன்பக்கத்தை உற்றுப் பாருங்கள். பல மாடல்களில் அகச்சிவப்பு ரிசீவர் உள்ளேயே இருக்கிறது.

இனி, 'எம்சிஇ ரிமோட்', 'பிசி ரிமோட்' என்ற பெயரில் வரும் மலிவு செட். மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் மீடியா சென்டர் என்று ஒன்று இருந்தது. 2002-இல் எக்ஸ்பியோடு வந்து, விண்டோஸ் 7 வரை கூடவே இருந்து, 8-இல் தனிக் காசு கேட்டு, 2015-இல் விண்டோஸ் 10 வந்தபோது இல்லாமலே போய்விட்டது. அதற்காகச் செய்த பச்சைப் பட்டன் ரிமோட்டின் அசல் ரிசீவர் நல்ல சரக்கு. லினக்ஸ் இன்றும் அதை அடையாளம் கண்டுகொள்கிறது. ஆனால் இன்று அந்தப் பெயரில் விற்பவற்றில் பல அந்த வகையே இல்லை. தன்னோடு வந்த ரிமோட்டை மட்டும் கேட்கும், வேறு ரிமோட்டைக் கற்றுக்கொள்ளாது, பட்டன்களை மாற்றவும் முடியாது. மெயில் திற, ஜன்னலை மூடு என்று நமக்கு வேண்டாத பட்டன்கள்தான் அதிகம். ரிமோட் உடைந்தால் ரிசீவரும் குப்பைக்கு.

ஆனால் அந்த செட்டில் நான் உண்மையில் பயப்படுவது ரிசீவரைப் பார்த்து அல்ல. கூடவே வரும், சீட்டுக்கட்டுச் சீட்டு மாதிரித் தட்டையான ரிமோட்டைப் பார்த்து. அதற்குள் இருப்பது சிஆர் 2025 எனப்படும் பட்டன் பேட்டரி. 20 மில்லிமீட்டர் அகலம், 3 வோல்ட். அதன் தட்டு பெரும்பாலும் ஸ்குரூ இல்லாமல், நகத்தால் இழுத்தாலே கழன்று வரும். வீட்டில் தவழும் குழந்தை, எதையும் வாயில் வைக்கும் குழந்தை இருந்தால், அந்த ரிமோட்டை வீட்டுக்குள்ளேயே விடாதீர்கள்.

பட்டன் பேட்டரியை விழுங்கினால் அது தானாக வெளியே வந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். இந்த அளவுள்ள பேட்டரி சின்னக் குழந்தையின் உணவுக்குழாயில் சிக்கிக்கொள்ளும். ஈரமான சதையில் பட்டதும் மின்சாரம் ஓடத் தொடங்கும். பேட்டரி உடைந்து ஒழுக வேண்டியதில்லை. அந்த மின்சாரமே, தொட்ட இடத்தில் காரத்தை உண்டாக்கிச் சதையை அரிக்கும். 2 மணி நேரத்துக்குள்ளேயே கடுமையான புண் ஏற்பட்டுவிடலாம். ரிமோட்டை இயக்கத் தெம்பில்லை என்று நாம் கழற்றி வைத்த 'செத்த' பேட்டரியிலும் இதற்குப் போதுமான மின்சாரம் மிச்சம் இருக்கும். அமெரிக்காவில் டெக்சஸ் மாநிலத்தில் 2020 டிசம்பரில் ஒன்றரை வயதுக் குழந்தை ஒன்று ரிமோட்டிலிருந்த பட்டன் பேட்டரியை விழுங்கி இறந்தது. சளி பிடித்திருக்கிறது என்றுதான் முதலில் எல்லோரும் நினைத்தார்கள். அந்தக் குழந்தையின் பெயரில் 'ரீஸ் சட்டம்' என்று 2022 ஆகஸ்டில் அங்கே சட்டமே வந்தது. பட்டன் பேட்டரி போட்ட பொருள்களின் மூடியைக் குழந்தையால் திறக்க முடியாதபடி செய்ய வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். ஆன்லைனில் வந்து சேரும் பெயரில்லா ரிமோட்டுக்கு இந்தக் கவலையெல்லாம் கிடையாது.

குழந்தை விழுங்கியிருக்கலாம் என்று சந்தேகம் வந்தாலே போதும், ஓடுங்கள். இருமல், எச்சில் வடிதல், சாப்பிட மறுத்தல் என்று சாதாரண உபாதை போலவே இருக்கும், ஒன்றுமே தெரியாமலும் இருக்கும். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். காலையில் பார்க்கலாம் என்று விடாதீர்கள். தமிழ்நாட்டில் இருந்தால் 108-ஐக் கூப்பிடுங்கள், எக்ஸ்ரே வசதி உள்ள மருத்துவமனைக்குப் போய், பட்டன் பேட்டரி என்று முதல் வார்த்தையிலேயே சொல்லுங்கள். அதே மாதிரி இன்னொரு பேட்டரியோ அதன் அட்டையோ இருந்தால் காட்ட எடுத்துப் போங்கள். மூக்கிலும் காதிலும் திணித்துக்கொண்டாலும் இதே அவசரம்தான். ரிமோட் வாங்கும்போது டிரிபிள் ஏ பேட்டரி போடுவதாகப் பார்த்து வாங்கினால் இந்தத் தலைவலியே இல்லை.

ராஸ்பெரி பையில் தாங்களே ரிசீவர் பொருத்திக்கொள்ளலாம் என்று இறங்குகிற பிள்ளைகளுக்கு ஒரு எச்சரிக்கை. சென்னை ரிச்சி தெருவிலோ உங்கள் ஊர் எலக்ட்ரானிக்ஸ் கடையிலோ போய் ஐஆர் ரிசீவர் என்று கேட்டால் பெரும்பாலும் டிஎஸ்ஓபி 1738-ஐ எடுத்துக் கொடுப்பார்கள். மூன்று கால் உள்ள கறுப்புக் குமிழ். அது 5 வோல்ட் காலத்துப் பொருள், 4.5 முதல் 5.5 வோல்ட் வரை கொடுத்தால்தான் முறையாக வேலை செய்யும். அதன் அவுட்புட் கால், சமிக்ஞை இல்லாதபோது அதே 5 வோல்ட்டில் நிற்கும். பையின் பின்கள் 3.3 வோல்ட்டுக்கு மேல் தாங்கச் செய்யப்பட்டவை அல்ல. உள்ளே ஒரு பெரிய ரெசிஸ்டர் இருப்பதால் உடனே எரியாது, அதனால்தான் "எனக்கு ஒன்றும் ஆகவில்லையே" என்று பலர் சொல்கிறார்கள். ஆனாலும் விதிக்கு வெளியே ஓட்டுகிறோம் என்பது மாறாது. பைக்கு டிஎஸ்ஓபி 4838 வாங்குங்கள், அது 2.5 வோல்ட்டிலிருந்தே இயங்கும், 3.3 வோல்ட் பின்னிலிருந்து கொடுக்கலாம்.

இங்கேதான் இன்னொரு குழி. பார்ப்பதற்கு இரண்டும் ஒன்றுபோல இருக்கும், கால் வரிசை வேறு. 1738-இல் தரை, மின்சாரம், அவுட்புட். 4838-இல் அவுட்புட், தரை, மின்சாரம். ஒன்றின் படத்தைப் பார்த்து மற்றதை மாட்டினால் புகைதான் வரும். மேலே பொறித்திருக்கும் எண்ணைப் படித்து, அந்த எண்ணுக்குரிய தகவல் தாளைப் பார்த்துவிட்டு மாட்டுங்கள். பழைய வழிகாட்டிகளில் இருக்கும் 'லிர்க்-ஆர்பிஐ' வரியையும் நகலெடுக்காதீர்கள், லினக்ஸ் 4.19-க்குப் பிறகு பையில் அது கிடையாது. 'ஜிபிஐஓ-ஐஆர்' என்பதைத்தான் போட வேண்டும்.

ரிமோட்டால் கணினியை எழுப்ப வேண்டுமென்றால், அது ரிசீவரை மட்டும் பொறுத்ததல்ல என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். கணினி தூங்கும்போது யூஎஸ்பி போர்ட்டுக்கு மின்சாரம் வர வேண்டும். பயோஸில் இஆர்பி என்ற மின்சிக்கன அமைப்பு ஆனில் இருந்தால் அணைந்த நிலையில் அது வராது. விண்டோஸ் டிவைஸ் மேனேஜரிலும் இந்தச் சாதனம் கணினியை எழுப்பலாம் என்று டிக் செய்ய வேண்டும். இதைச் சோதிக்காமல், எழும்பவில்லை என்று சுவர் சுவிட்சை அணைத்து ஹார்ட் டிஸ்க்கைக் கெடுத்துக்கொள்கிறவர்கள் உண்டு.

ஏற்கெனவே 2.4 கிகாஹெர்ட்ஸ் ஏர் மவுஸ் வாங்கிவிட்டீர்களா? இன்றிரவே சிலவற்றைச் செய்யுங்கள். கம்பெனிப் பொருளாக இருந்தால் அதன் தளத்தில் டாங்கிளுக்கான திருத்தம் இருக்கிறதா என்று பார்த்துப் போடுங்கள். மீடியா சென்டர் கணினியில் தினப்படி ஓடும் கணக்கை நிர்வாகி உரிமை இல்லாத சாதாரணக் கணக்காக மாற்றுங்கள். எதை நிறுவினாலும் கடவுச்சொல் கேட்கும்படி வையுங்கள், அந்தக் கடவுச்சொல்லை ரிமோட்டின் கீபோர்டில் அடிக்காமல் வயர் கீபோர்டில் அடியுங்கள். அந்தக் கணினியின் பிரவுசரில் மெயிலோ பேங்கோ திறந்திருந்தால் வெளியேறுங்கள். ரவுட்டரில் விருந்தினர் வைஃபை வசதி இருந்தால் அந்தப் பெட்டியை அதில் போட்டு, மற்ற கணினிகளிலிருந்து பிரித்துவிடுங்கள். புகைப்படங்களைப் பார்க்க மட்டும் அனுமதி கொடுங்கள், அழிக்க, மாற்ற வேண்டாம். ஊருக்குப் போகும்போதும் இரவில் படுக்கும்போதும் டாங்கிளைப் பிடுங்கி வையுங்கள். கூடவே, லினக்ஸ் பெட்டியாக இருந்தால் யூஎஸ்பிகார்ட் என்ற மென்பொருளை ஏற்றி, நீங்கள் அனுமதித்த சாதனங்களைத் தவிர வேறு எதுவும் கீபோர்டாகச் சேர முடியாதபடி பூட்டலாம். ஆனால் அனுமதி பெற்ற டாங்கிளின் வழியே காற்றில் வருவதை அதனால் தடுக்க முடியாது. அந்த வழியை மூட டாங்கிளையேதான் மாற்ற வேண்டும்.